தாத்தாவின் ஓவிய அறையைப் படமெடுக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய தாத்தா சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். அரசு உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டின் மேற்குப் பக்கத்து ஓட்டு அறையில்தான் வரைவாராம். 2009-ல் அவர் இறந்த பிறகு பாட்டி அந்த அறையை அப்படியே காப்பாற்றி வந்திருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் திறந்து, பெருக்கி, விளக்கேற்றிப் பூட்டிவிடுவார். "ஸ்டாண்டில் எருதுவிடும் விழாப் படம் பாதியில் நிற்கிறது. காளைக்குக் கொம்பும் திமிலும் வரைந்திருக்கிறார், கால்கள் இன்னும் பென்சில் கோடுதான். பக்கத்து ஸ்டூலில் சாயத்தட்டு, சாயம் காய்ந்து ஏரி மண் மாதிரி வெடித்திருக்கிறது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் தூரிகைகள். மூக்குக்கண்ணாடி அவர் கழற்றி வைத்த இடத்திலேயே இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார் வாசகி.

பாட்டி 2019-ல் காலமானார், வாசகியின் அப்பா 2021-ல். வீட்டின் முன்பகுதியில் இப்போது சித்தப்பா குடும்பம் இருக்கிறது. பர்கூரில் கட்டிக்கொடுத்த அத்தையிடம் அறையின் இன்னொரு சாவி இருக்கிறது. போன ஐப்பசி மழையில் ஓடு விலகி ஒரு மூலையில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, படச் சட்டங்களில் கரையான். சித்தப்பா அந்தப் பக்கத்தை இடித்துக் கட்ட நினைக்கிறார். பெங்களூரிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் ஓவியங்களுக்கு விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். தாத்தா ஏரிக்கரையிலிருந்து கொண்டுவந்து வாசல் ஓரம் சாய்த்து வைத்திருந்த வேடியப்பன் கல்லையும், அதாவது பழைய நடுகல்லையும், கேட்டிருக்கிறார்.

அறை கலைவதற்குள் அதைப் படமெடுத்துவிட வேண்டும் என்பது வாசகியின் தவிப்பு. ஓசூரில் அவருக்குத் தெரிந்த புகைப்படக்காரர் ஒருவர் காசு வாங்காமல் எடுத்துத் தருகிறேன் என்கிறார், பிறகு கண்காட்சியும் புத்தகமும் போடலாம் என்கிறார். ஆனால் சித்தப்பா, "வீட்டு வரி, கரண்ட் பில் எல்லாம் என் பேரில். அப்பா இந்த வீடு எனக்கென்று வாயால் சொல்லிவிட்டார். பேத்திக்கு இதில் என்ன உரிமை?" என்கிறார். அத்தையோ, "அம்மா வைத்த மாதிரியே இருக்கட்டும், படமெடுத்து ஊருக்குக் காட்ட வேண்டாம்" என்கிறார். அங்குள்ள சில பெண் உருவப் படங்கள் வெளியே போகக் கூடாது என்பது அவருடைய கவலை. சித்தப்பா குடும்பத்தோடு திருப்பதி போகும் நாளில் அத்தையின் சாவியை வாங்கி, ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா என்று கேட்கிறார் வாசகி. "தாத்தா போய்ப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே, உரிமைப் பிரச்சினை எதுவும் வராதுதானே?" என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் அவசரம் நியாயமானது. ஓடு விலகிய அறை இன்னொரு ஐப்பசியைத் தாங்காது. அறையைப் படமெடுங்கள், சீக்கிரம் எடுங்கள், ஆனால் எல்லோருக்கும் தெரிந்து எடுங்கள். படமெடுப்பதால் யாருடைய பங்கும் ஒரு காசு கூடப்போவதில்லை, குறையப்போவதும் இல்லை. இந்த ஒன்று உங்கள் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் புரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

திருப்பதி யோசனையை முதலிலேயே கைவிடுங்கள். அத்தைக்கும் உங்களுக்கும் அந்த அறையில் பங்கு இருக்கிறது என்பதால், உள்ளே போவதே குற்றம் என்று சொல்லிவிட முடியாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அந்த அறையில் என்னென்ன இருக்கிறது என்று இதுவரை யாரும் பட்டியல் எடுக்கவில்லை. நீங்கள் மறைவாகப் போய்வந்த மறுவாரம் ஒரு ஓவியம் காணவில்லை என்று சித்தப்பா காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால், "நான் எடுக்கவில்லை" என்று நிரூபிக்க உங்களிடம் என்ன இருக்கும்? பங்காளிகளின் பொதுச் சொத்தை ஒருவர் தனியாக எடுத்துப்போனாலும் திருட்டுப் புகார் எழ இடமுண்டு. அத்தையையும் அந்த வம்பில் இழுத்துவிடுவீர்கள்.

பேத்திக்கு என்ன உரிமை?

சித்தப்பா கேட்ட இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான பதில் இருக்கிறது. வீடு தாத்தாவின் சொந்தச் சம்பாத்தியம், அவரும் பாட்டியும் அப்பாவும் உயில் எழுதவில்லை, குடும்பம் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். 1956-ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி 2009-ல் தாத்தாவின் சொத்து பாட்டி, உங்கள் அப்பா, சித்தப்பா, அத்தை ஆகிய நால்வருக்கும் சமமாக இறங்கியது. 2019-ல் பாட்டியின் கால் பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் போனது. ஆக ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. 2021-ல் அப்பாவின் பங்கு உங்கள் அம்மா, நீங்கள், உங்கள் தம்பி ஆகிய மூவருக்கும் வந்தது. நீங்கள் அந்த வீட்டில் ஒன்பதில் ஒரு பங்குக்குச் சொந்தக்காரர். அத்தையின் பங்கும் சித்தப்பாவின் பங்கும் சமம். கல்யாணமாகிப் போனதால் அது குறைவதில்லை.

வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் யார் பேரில் இருக்கின்றன என்பது உரிமையைத் தீர்மானிக்காது. பட்டாவில் சித்தப்பா பெயர் மட்டும் ஏறியிருந்தாலும் அது மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகிவிடாது. "வாயால் சொல்லிவிட்டார்" என்பதும் அப்படித்தான். வீட்டைத் தானமாகக் கொடுப்பதென்றால் பதிவு செய்த பத்திரம் வேண்டும், உயில் என்றால் எழுதி இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அதே சமயம் இத்தனை வருஷம் வீட்டைப் பராமரித்து, வரி கட்டி, கூரையைத் தாங்கிப் பிடித்தவர் சித்தப்பாதான். பாகம் பிரிக்கும்போது அந்தச் செலவைக் கணக்கில் கேட்க அவருக்கு நியாயம் உண்டு. பேச்சைத் தொடங்கும்போது இதை நீங்களாகவே சொல்லுங்கள்.

பழைய பத்திரங்களைத் தேடும்போது குழம்ப வேண்டாம் என்பதற்காக ஒரு விவரம். தர்மபுரி மாவட்டம் 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004-ல் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. தாத்தா மனை வாங்கிய பத்திரத்தில் "சேலம் ஜில்லா" என்றோ "தர்மபுரி மாவட்டம்" என்றோ இருந்தால் அது வேறு சொத்து என்று நினைத்துவிடாதீர்கள். வில்லங்கச் சான்று கேட்கும்போதும் பத்திரத்தில் உள்ள கிராமப் பெயரையும் பழைய சர்வே எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.

உயில் இல்லை என்று நீங்கள் எழுதியிருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதினைந்து வருஷத்துக்கு மேலாக யாரும் புரட்டிப் பார்க்காத அறை அது. மேசை இழுப்பறையிலோ பழைய ஸ்கெட்ச் நோட்டுக்குள்ளோ உயில் கிடைக்க வாய்ப்புண்டு. பதிவு செய்யாத உயிலும் செல்லும். கிடைத்தால் அந்த இடத்திலேயே எல்லோர் முன்னிலும் படமெடுத்து, சித்தப்பாவிடமும் அத்தையிடமும் நகல் கொடுத்துவிட்டு, பிறகு வழக்கறிஞரிடம் போங்கள். ஓவியங்களை இன்னாருக்கு என்று அதில் எழுதியிருந்தால், அதுவரை வெளியாகாத ஓவியங்களின் பதிப்புரிமையும் அவருக்கே போகும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது, உயிலில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர.

ஓவியம் கையில் இருந்தால் உரிமையும் கையில் இருக்குமா?

பலரும் தடுமாறும் இடம் இது. உங்கள் கடிதத்திலும் இரண்டு தவறான எண்ணங்கள் தெரிகின்றன.

ஓவியர் இறந்தால் உரிமையும் முடிந்தது என்பது ஒன்று. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியத்தின் உரிமை ஓவியரின் ஆயுள் முழுவதும் உண்டு, அவர் இறந்த வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து இன்னும் 60 வருஷம் உண்டு. தாத்தா 2009-ல் இறந்ததால் அவருடைய ஓவியங்களின் உரிமை 2069 டிசம்பர் 31 வரை வாரிசுகளிடம் இருக்கும். பதிவு செய்யாவிட்டாலும் இருக்கும். வீட்டைப் போலவே அதிலும் உங்களுக்கு ஒன்பதில் ஒரு பங்கு.

இரண்டாவது, ஓவியத்தை வைத்திருப்பவருக்கே அதன் மேல் எல்லா உரிமையும் என்பது. அப்படியில்லை. ஓவியத் துணியும் அதன் மரச்சட்டமும் ஒரு சொத்து, அந்தப் படத்தை அச்சிட்டு வெளியிடும் உரிமை வேறொரு சொத்து. பெங்களூரு வியாபாரி பத்து ஓவியங்களை வாங்கிப் போனாலும், எழுத்தில் எழுதிக் கொடுக்காத வரை அவர் அவற்றைக் காலண்டரில் போட முடியாது. உரிமை வாரிசுகளிடமே நிற்கும். அந்த ஓவியங்கள் பின்னால் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், விலையில் ஒரு பங்கு கேட்கும் உரிமையையும் 53-ஏ பிரிவு வாரிசுகளுக்குத் தருகிறது. அந்தப் பங்கு பத்து சதவீதத்தைத் தாண்டாது. இதைச் சித்தப்பாவிடம் சொல்லிவையுங்கள், அவருக்கும் நன்மை தரும் விஷயம்தான்.

அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் படியெடுத்துக்கொள்வதை மீறலாகக் கருதுவதில்லை. அறையைப் படமெடுத்துக் குடும்ப ஆவணமாக வைத்துக்கொள்ள உங்களைப் பதிப்புரிமை தடுக்காது. கண்காட்சி, புத்தகம், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் என்று வெளியே போகும்போதுதான் அனுமதி தேவைப்படும். கூட்டாக உள்ள உரிமையை ஒருவர் தனியாக இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க முடியாது. சித்தப்பா, அத்தை, அம்மா, தம்பி, நீங்கள் என ஐந்து பேர் கையெழுத்தும் வேண்டும்.

பொது இடத்தில் உள்ளதை யார் வேண்டுமானாலும் படமெடுத்துப் போடலாம் என்று புகைப்படக்கார நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலைக்கு அந்தச் சலுகை உண்டு, ஓவியத்துக்குச் சட்டத்தில் அந்தச் சலுகை இல்லை. பூட்டிய வீட்டறை பொது இடமும் ஆகாது.

நண்பர் எடுக்கும் படம் யாருக்குச் சொந்தம்?

காசு வாங்காமல் எடுத்துத் தருகிறேன் என்பது அன்பான வார்த்தைதான். ஆனால் சட்டத்தில் அதற்கு ஒரு விளைவு உண்டு. புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர். நீங்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை படத்தின் முதல் உரிமையாளர் நீங்கள். இலவசமாக எடுத்தால் உரிமையாளர் அவர். அப்புறம் உங்கள் தாத்தாவின் அறைப் படத்தைத் திருமண அழைப்பில் போடக்கூட அவரிடம் கேட்க வேண்டிவரும். மறுபக்கம், படத்தில் தெரியும் ஓவியங்களின் உரிமை உங்கள் குடும்பத்திடம் இருப்பதால் அவரும் தனியாக வெளியிட முடியாது. இரண்டு பேருமே மாட்டிக்கொள்வீர்கள்.

முதல் நாள் கேமராவை வெளியே எடுக்கும் முன்பே ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொள்ளுங்கள். படங்களின் உரிமை குடும்பத்துக்கா, அவருக்கா, இருவருக்குமா? எத்தனை வருஷம்? எந்தெந்த நாடுகளில்? எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்? வருமானம் வந்தால் எப்படிப் பங்கு? காலத்தை எழுதாமல் விட்டால் உரிமை மாற்றம் ஐந்து வருஷத்துக்குத்தான் என்றும், இடத்தை எழுதாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டில் புத்தகம் போடும் ஆசை இருந்தால் இப்போதே எழுதுங்கள். என் விருப்பத்தைக் கேட்டால், ஒரு நியாயமான கூலியைக் கொடுத்து உரிமையைக் குடும்பத்தின் பேரில் வைத்துக்கொண்டு, அவர் பெயரோடு கண்காட்சியில் வைக்க அவருக்கு அனுமதி எழுதிக் கொடுங்கள். அவருடைய உழைப்புக்கும் மரியாதை, உங்களுக்கும் நிம்மதி.

அறையில் உள்ளதெல்லாம் தாத்தாவுடையது அல்ல

கடிதத்தில் நீங்கள் சொல்லியிருக்கும் சில பொருட்களைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

மாங்கூழ் தொழிற்சாலைக்காக அவர் வரைந்து கொடுத்த டப்பா லேபிள்களின் மூலப்படம் இருக்கிறது என்கிறீர்கள். ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து வரையச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவருக்கே. ஊர்ப் பெரியவர்கள் சொல்லி வரைந்த உருவப் படங்களுக்கும் இதே கதிதான். பள்ளிக்காக வேலை நேரத்தில் வரைந்த சார்ட்டுகளும் தாத்தாவின் சொந்தப் படைப்பாகக் கருதப்படாமல் போகலாம். அறையின் பொதுத் தோற்றத்தில் இவை எங்கோ தெரிவது வேறு, ஒரு லேபிளைப் பக்கம் நிறையப் போடுவது வேறு. பின்னதற்கு நிறுவனத்திடம் கேளுங்கள்.

தெருக்கூத்துக் குழுவின் கிரீடமும் புஜகீர்த்தியும் சுவரில் மாட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வரைவதற்காக இரவல் வாங்கி வந்தவை என்று பாட்டி சொல்லியிருக்கிறார் அல்லவா? அப்படியானால் அவை குழுவின் உடைமை. பாகத்திலும் வராது, வியாபாரியின் விலையிலும் வராது. படமெடுத்துவிட்டு அந்தக் கூத்துக் குழு வாத்தியாரின் பிள்ளைகள் இருந்தால் சொல்லி அனுப்புங்கள். தாத்தா வரைந்த கூத்து ஓவியங்களில் எந்த வேஷம், யார் கட்டியது என்று உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

மேசைமேல் உள்ள கடிதங்களில் கவனம் தேவை. தாத்தாவுக்கு வந்த கடிதத்தின் தாள் உங்களுடையது, அதில் உள்ள எழுத்தின் உரிமை எழுதியவருக்கோ அவர் வாரிசுக்கோ உரியது. வெளியிடும் படத்தில் வரிகள் வாசிக்கும்படி தெரிய வேண்டாம். ஆவணத்துக்கு எடுக்கும் படத்தில் தெரியலாம்.

பெண் உருவப் படங்களைப் பற்றி அத்தை சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓவியக் கல்லூரியில் முறையாகப் படித்தவர் மனித உடலை வரைந்து பழகுவது சாதாரணம், அதில் கூச்சப்பட எதுவுமில்லை. ஆனால் உள்ளூர்ப் பெண் ஒருவர் இளவயதில் அமர்ந்து கொடுத்த படங்கள் சிலவும் அதில் இருப்பதாகவும், அவர் இன்றும் அதே ஊரில் பேரப்பிள்ளைகளோடு இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஓவியத்தின் உரிமை உங்களிடம் இருக்கலாம், அவருடைய அந்தரங்கம் உங்களிடம் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்திருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அவரிடம் கேட்காமல் அந்தப் படங்கள் வெளியே போவதை நான் ஒருபோதும் சரி என்று சொல்ல மாட்டேன். அத்தை நேரில் போய்ப் பேசட்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தனி உறையிலிட்டு ஒட்டி, பட்டியலில் "வெளியிடக் கூடாது" என்று குறித்துவிடுங்கள்.

இனி வேடியப்பன் கல். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மண்ணில் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் இப்படி நிற்கும் நடுகற்கள் பல நூற்றாண்டு பழையவை. தர்மபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் வரிசையாகப் பார்க்கலாம். நூறு வருஷம் கடந்த கற்சிற்பம் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும். அதைப் பதிவு செய்ய வேண்டும், உரிமம் இல்லாதவர் தொல்பொருள் வியாபாரம் செய்யக் கூடாது, தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. வியாபாரி கேட்டாரென்று சித்தப்பா கொடுத்துவிட்டால் வழக்கு அவர் தலையில் விழும். இதை மிரட்டலாகச் சொல்லாமல் எச்சரிக்கையாக இன்றைக்கே சொல்லுங்கள். கல்லை நகர்த்தாமல், எழுத்துத் தெரிந்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

எப்படி எடுப்பது

அத்தையின் மனக்குறை, பொருட்கள் இடம் மாறிவிடும் என்பது. அவருக்கு ஒரு நிஜக் கதையைச் சொல்லுங்கள். பிரான்சிஸ் பேக்கன் என்ற ஓவியர் 1992-ல் இறந்தார். லண்டனில் அவர் வேலை செய்த அறை முழுக்கக் குப்பையும் சாயமும் கிழிந்த படங்களுமாகக் கிடந்தது. அவருடைய வாரிசு அதை 1998-ல் டப்ளின் நகரத்து ஹியூ லேன் கலைக்கூடத்துக்குக் கொடுத்தார். தொல்லியல் அகழாய்வில் செய்வது போல, ஒவ்வொரு பொருளும் எங்கே கிடந்தது என்று வரைபடம் போட்டு, படமெடுத்து, எண் கொடுத்த பிறகுதான் எதையும் தொட்டார்கள். பட்டியலில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள். சுவர், கதவு, தரை, தூசி வரைக்கும் கொண்டுபோய் 2001-ல் அதே மாதிரி அமைத்துத் திறந்தார்கள். பாட்டி வெள்ளிக்கிழமைதோறும் செய்த காவலை இனி அந்த ஓட்டுக்கூரை செய்யாது என்பதால்தான் உங்களுக்குப் படம் தேவைப்படுகிறது. அத்தையிடம் இப்படிப் பேசிப் பாருங்கள்.

முதல் சுற்றில் எதையும் தொடாமல், துடைக்காமல், வாசலில் நின்று நான்கு சுவரும் தரையும் கூரையும் எடுங்கள். ஒழுகிய மூலையையும் கரையான் ஏறிய சட்டத்தையும் மறைக்காமல் எடுங்கள். அடுத்த சுற்றில் ஒவ்வொரு பொருளையும் ஒரு எண் சீட்டும் ஸ்கேலும் பக்கத்தில் வைத்து எடுங்கள். ஓவியத்தின் பின்பக்கத்தை மறந்துவிடாதீர்கள். தேதி, விலை, யாருக்காக வரைந்தது என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருக்கும், வழக்கு என்று வந்தால் வழக்கறிஞருக்கு முன்பக்கத்தைவிட அதுதான் உதவும். ஜன்னல் வெளிச்சமும் டிரைபாடும் போதும். ஃபிளாஷ் எண்ணெய்ச் சாயத்தில் பட்டுப் பளபளக்கும். பழைய டர்பன்டைன் டப்பாக்கள் இருக்கும் அறையில் சூடேறும் விளக்கைக் கொண்டுபோகவே வேண்டாம். எடுக்கும்போது சித்தப்பா வீட்டிலிருந்து ஒருவரும் அத்தையும் கூட இருக்கட்டும், சாயங்காலம் பட்டியலில் அவர்களும் கையெழுத்துப் போடட்டும்.

கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்புகளை அழிக்காமல் இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, ஒன்றை அத்தை வீட்டில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல் சுருங்கிவிடும், எடுத்த நேர விவரமும் போய்விடும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் படத்தைச் சாட்சியமாகக் கொடுக்கச் சான்றிதழ் இணைக்க வேண்டும். மூலக் கோப்பும் எடுத்த கருவியும் இருந்தால் அது சுலபம். எங்கே வெளியிட்டாலும் இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டு வெளியிடுங்கள். ஆளில்லாத ஓட்டு அறையில் விலை போகும் ஓவியம் இருக்கிறது என்று ஊருக்கு வழி காட்ட வேண்டாம்.

சித்தப்பாவிடம் என்ன பேசுவது

பாகப் பேச்சை இதில் கலக்காதீர்கள். எனக்குத் தெரிந்து, இப்படிப்பட்ட பேச்சுகள் உடைவது அந்த இடத்தில்தான். "சித்தப்பா, வீடு யாருக்கு, ஓவியம் யாருக்கு என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று எல்லோரும் சேர்ந்து ஒரு பட்டியல் எடுத்துவைத்துக்கொள்வோம்" என்று தொடங்குங்கள். பட்டியல் அவரையும் காப்பாற்றும். நாளைக்கு ஒரு ஓவியம் குறைகிறது என்று அத்தை பிள்ளைகள் கேட்டால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அந்த வீட்டில் குடியிருக்கும் அவர்தான்.

சம்மதக் கடிதத்தில் படமெடுப்பது, பட்டியல், எல்லோர் சம்மதமும் இல்லாமல் வெளியிடுவதோ விற்பதோ இல்லை என்பது, இவை மட்டும் இருக்கட்டும். "வீட்டில் இன்னாருக்கு இவ்வளவு" என்று ஒரு வரி சேர்ந்தாலும் பதிவு, முத்திரைத்தீர்வை என்ற பேச்சு வந்து காகிதமே சிக்கலாகிவிடும். வெளியிடும் அனுமதியைத் தனிக் காகிதத்தில், படங்களை எல்லோரும் பார்த்த பிறகு வாங்குங்கள். பார்க்காத படத்துக்கு அத்தையிடம் கையெழுத்துக் கேட்பது சரியில்லை.

அதற்குள் ஓவியங்கள் விலை போகும் நிலை வந்தால் காத்திருக்க வேண்டாம். நீங்களும் பங்குதாரர், உங்கள் சம்மதமில்லாமல் விற்க முடியாது என்று சித்தப்பாவுக்கும் வியாபாரிக்கும் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். வியாபாரிகளில் பலர் அந்த ஒரு தபாலிலேயே ஒதுங்கிவிடுவார்கள். மீறினால் பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, விற்கவும் இடிக்கவும் இடைக்காலத் தடை கேட்கலாம். அறையைப் பார்வையிட்டுப் படத்தோடு அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கும்படியும் கேட்கலாம். நீதிமன்றம் ஏற்றால் ஆணையரே புகைப்படக்காரரோடு வந்து எடுப்பார். ஆனால் வழக்கு வருஷக்கணக்கில் போகும், கரையான் அதுவரை காத்திருக்காது. அதனால் இதைக் கடைசி வழியாகவே சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், வழக்குப் போடாமலே சமரசத்துக்கு மனு கொடுக்கலாம். சித்தப்பாவை அழைத்து, நடுநிலையான ஒருவர் முன்னால் பேச வைப்பார்கள். இலவச சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, அதனால் நீங்களோ அம்மாவோ அத்தையோ மனுதாரராக இருக்கலாம். போகும்போது தாத்தா, பாட்டி, அப்பா மூவரின் இறப்புச் சான்றுகள், வாரிசுச் சான்றுகள், வீட்டுப் பத்திரத்தின் நகல், ஒழுகும் மூலையின் படம் ஒன்று, இவற்றை எடுத்துப் போங்கள். புரட்டாசி முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள், ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு அமர்வாவது நடக்கட்டும். ஓட்டின் மேல் தார்ப்பாய் போடுவதற்கு மட்டும் யார் கையெழுத்தும் தேவையில்லை. சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இந்த வாரமே போட்டுவிடுங்கள்.